குடியிருப்புப் பொருத்த மன்றமும் ஒரு சமையலறை நாற்காலியும்

லைல் ஹாஸ்கெட்டுக்கு வால்வு பரிசோதிக்கிற வேலை. தண்ணீர் போனால் போகிறது என்பார், நின்றால் நிற்கிறது என்பார். இதற்கு நடுவில் ஒரு பதில் இருக்க முடியும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அப்படிப்பட்ட மனிதரை அரிசோனாவின் டூசான் என்ற பாலைவன நகரிலிருந்து, அதுவும் பனி கொட்டும் பிப்ரவரி மாதத்தில், பிட்ஸ்பர்க் தலைமை அலுவலகத்துக்கு மாற்றினார்கள். வந்து இறங்கியவரிடம் ஒரு வால்வைக்கூடக் காட்டவில்லை. "எந்தப் பேட்டைல குடியிருக்கப் போறீங்கன்னு முதல்ல முடிவாகட்டும்," என்று சொல்லிப் பதினான்காவது மாடிக்கு அனுப்பிவைத்தார்கள்.

அந்த மாடி முழுவதும் குடியிருப்புப் பொருத்த மன்றத்துக்குச் சொந்தம். வால்வு செய்கிறவர்களுக்கு அந்தக் கட்டடத்தில் அடித்தளம்தான் ஒதுக்கப்பட்டிருந்தது.

லைல் தெரிந்துகொள்ள விரும்பியது ஒரே ஒரு விஷயம். அதை அவர் தனக்காகக் கேட்கவில்லை, மனைவி லோர்னாவுக்காகக் கேட்டார். முன்பு ஒருமுறை கம்பெனி அவர்களை டெக்சாஸ் பக்கம் மாற்றியிருந்தது. அங்கே இருந்த காலம் முழுக்க அக்கம்பக்கத்தாரை லோர்னா பார்த்ததெல்லாம் கார் கொட்டகையின் கதவு ஏறி இறங்குகிற இடைவெளியில்தான். பக்கத்து வீட்டுக்காரர் இறந்துபோன சேதியை அவர் வீட்டுப் புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்த பிறகு புல்லைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். லோர்னாவோ வாயை மூடிக்கொண்டு உட்காரத் தெரியாதவள். டூசானில் தபால்காரர் அவள் வீட்டுக்கென்றே தனியாக நேரம் ஒதுக்கி வைத்திருந்தார். லைல் விமானம் ஏறும்போது அவள் சொன்னாள்:

"அந்த ஊர்லயும் கதவச் சாத்திக்கிட்டுக் கெடக்கற கூட்டம்தான்னா நான் வரல, லைல். யூமாவுல அக்கா வீட்டுக்குப் போயிடறேன். கோவத்துல சொல்லல. நல்லா யோசிச்சுத்தான் சொல்றேன்."

கோபத்தில் சொல்லியிருந்தால் லைல் கவலைப்பட்டிருக்க மாட்டார்.

மன்றத்தின் இயக்குநர் டாக்டர் ஆல்டன் பிரிக்ஸ் அவரை வரவேற்றுப் பேசினார். அறையில் லைலைத் தவிர வேறு யாரும் இல்லை. ஆனாலும் டாக்டர் மேடை ஏறி, ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"மிஸ்டர் ஹாஸ்கெட், இந்த மன்றம் ஏன் பிறந்ததுன்னு உங்களுக்குத் தெரியணும். ஒரு காலத்துல எங்க ஊழியர் ஒருத்தர், புதுசா வந்த ஒருத்தர்கிட்ட, 'அது நல்ல பேட்டை'ன்னு வாய்தவறிச் சொல்லிட்டார். அவரும் நம்பிக் குடிபோனார். மறு மாசமே பக்கத்து வீட்டுக்காரர் ஒரு சேவல் வாங்கினார். குடிபோனவர் எங்க மேல போட்ட வழக்கு இன்னும் நடக்குது. சேவல் செத்துப்போச்சு, வழக்கு உயிரோட இருக்கு. அன்னைலேந்து இந்த மாடில 'நல்ல'ங்கற வார்த்தைக்கு எடமில்ல. 'கெட்ட'ங்கறதுக்கும் இல்ல. நாங்க எந்தப் பேட்டையையும் சிபாரிசு பண்றதில்ல. வேண்டாம்னு தடுக்கறதுமில்ல. இந்தச் சேவைய முழுநேரமா செய்யறதுக்கு இங்க எழுபது பேர் இருக்கோம்."

"நீங்க எந்தப் பேட்டைல சார் இருக்கீங்க?" என்று லைல் மரியாதைக்குக் கேட்டார்.

டாக்டர் பிரிக்ஸ் தண்ணீர் குடித்தார். "விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டல்ல. பதினோரு வருஷமா. இன்னும் பரிசீலனைல இருக்கு."

பிறகு காபி வந்தது. கொண்டுவந்த பெண்மணி, "குடிக்கத்தக்க காபி," என்று சொல்லி வைத்துவிட்டுப் போனாள். அதற்கு மேல் சொல்ல அவளுக்கு அனுமதி இல்லை.

லைலுக்கு ஒரு துணை அதிகாரியைக் கொடுத்தார்கள். பெயர் கிரெட்சென் ஓல்மன். டெலவேர் மாநிலத்திலிருந்து வந்தவள். முன்மயிரைக் கத்தரித்துக் கண்ணிமை வரை தொங்கவிட்டிருந்தாள். அது நாகரிகம் என்று லைல் நினைத்துக்கொண்டார். உண்மையில் அது துறை ஆணை. முன்பு ஒரு அதிகாரி, ஒரு பேட்டையின் பெயரைக் கேட்டதும் புருவத்தைத் தூக்கிவிட்டாராம். தூக்கியது சிபாரிசா, எச்சரிக்கையா என்று விசாரிக்க ஒரு குழுவே போட வேண்டியதாயிற்று. அப்போதிருந்து யார் புருவமும் வெளியே தெரியக் கூடாது.

"எந்த மாதிரி இடம் உங்களுக்கு வேணும்?" என்று கேட்டாள் கிரெட்சென்.

"ஜனங்க பேசற எடம். அவ்வளவுதான்."

"ஒலிச் சகிப்புத்தன்மை, உயர்வு," என்று அவள் கணினியில் பதிந்துகொண்டாள். "ரயில் பாதை ஓரமா மூணு பகுதி இருக்கு."

"ரயில் இல்லம்மா. ஜனங்க. பக்கத்து வீட்டுக்காரங்க வந்து பேசுவாங்களா, மாட்டாங்களா? அத மட்டும் சொல்லு."

"அது கருத்து, மிஸ்டர் ஹாஸ்கெட். நாங்க தகவல் மட்டும்தான் தருவோம். பிட்ஸ்பர்க்ல மூணு ஆறு இருக்கு. வேணும்னா மூணையும் சொல்றேன்."

லைல் ஆறுகளைக் கேட்டுக்கொண்டார்.

அடுத்தது கையசைப்புச் சோதனை. பதினான்காவது மாடியின் ஒரு மூலையில், மரப்படியும் பூந்தொட்டியும் வைத்து, ஒரு வீட்டு முகப்பை அப்படியே கட்டியிருந்தார்கள். அதில் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட ஒரு பக்கத்து வீட்டுக்காரர் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். லைல் அந்த வழியாக நடந்து போக வேண்டும், அவர் கையசைக்க வேண்டும், லைல் பதிலுக்கு அசைக்க வேண்டும். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து நான்கு பேர் கவனித்தார்கள்.

லைல் கையசைத்ததோடு நிற்காமல், "என்ன சார், சௌக்கியமா?" என்றும் கேட்டுவிட்டார்.

பக்கத்து வீட்டுக்காரர் திருதிருவென்று விழித்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. "முதுகுதான் கொஞ்சம்..." என்று அவர் ஆரம்பித்ததும் மணி அடித்தது. சோதனை ரத்து. அவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் அந்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார்.

லைலின் கையசைப்பு முழங்கையிலிருந்து புறப்படுகிறது என்றும், மணிக்கட்டிலிருந்து புறப்படுவதே நகர்ப்புற வழக்கம் என்றும் முடிவு சொன்னார்கள். பயிற்சி கொடுத்தார்கள். லைலும் கற்றுக்கொண்டார். எதற்காக என்று மட்டும் தெரியவில்லை.

கடைசியில் பேட்டைகளை நேரில் பார்க்க அழைத்துப் போனார்கள். வேனின் ஜன்னல்கள் எல்லாவற்றுக்கும் திரை போட்டிருந்தது.

"திரைய விலக்கலாமா?" என்றார் லைல்.

"கூடாது. வழியில இருக்கற பேட்டைகள் உங்க மனசுல பதிஞ்சிடும். அனுமதிச்ச பேட்டைக்குப் போனதும் நானே விலக்கறேன்."

அனுமதித்த பேட்டையின் பெயர் குவெயில் க்ரெஸ்ட். கிரெட்சென் திரையை விலக்கினாள். ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி கதவுகள், எல்லாக் கதவுகளும் சாத்தியிருந்தன. பனியில் ஒரு நாயின் காலடித் தடம்கூட இல்லை.

"இங்க தெரு இருக்கு," என்றாள் கிரெட்சென். "தெருவுக்கு ரெண்டு பக்கமும் வீடு இருக்கு. மேல வானம்."

"ஜனங்க?"

"இருக்கறதா அனுமானம்."

லைல் இறங்கி ஒரு கதவைத் தட்டப் போனார். அவள் குறுக்கே வந்து நின்றுகொண்டாள். வசிப்பவர்களிடம் பேசக் கூடாதாம். அவர்கள் சொல்வது பயிற்சி பெறாத கருத்து. தட்டினாலும் ஒன்றும் ஆகியிருக்காது. கார் கொட்டகையின் கதவு ஒன்று பாதி ஏறி, தெருவில் மனிதர் நிற்பதைப் பார்த்ததும் திரும்ப இறங்கிவிட்டது. அந்தக் கதவை அவர் டெக்சாஸில் பார்த்திருக்கிறார்.

திரும்பும்போது பனி கொட்டியது. வேனில் இருந்த வழிகாட்டும் கருவி காட்டிய பாலம் மூடிக்கிடந்தது. கிரெட்சென் வேனை நிறுத்தி, உப்பு தூவிக்கொண்டிருந்த ஒருவரிடம் வழி கேட்டாள்.

"நேரா போம்மா. பழைய பேக்கரி இருந்த எடத்துல சோத்துக்கைப் பக்கம் திரும்பு. அப்புறம் அந்த எரிஞ்சுபோன சர்ச்சு இருந்துச்சில்ல, அதுக்கு முன்னால பீச்சாங்கைப் பக்கம்."

பிட்ஸ்பர்க்காரர்கள் இப்படித்தான் வழி சொல்வார்கள். இருக்கிற கட்டடத்தைச் சொல்வது அவர்களுக்கு வழக்கமில்லை. அது எந்த நேரமும் போய்விடலாம். இல்லாமல் போன கட்டடம் ஒருபோதும் இடம் மாறாது. இந்த நுட்பம் டெலவேர்க்காரிக்கும் டூசான்காரருக்கும் எப்படித் தெரியும்? இல்லாத பேக்கரியைத் தேடி இருவரும் ஒரு செங்குத்தான தெருவில் ஏறினார்கள். பாதி மேட்டில் வேன் பனியில் புதைந்து நின்றது. கிரெட்சென் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தாள். பனியில் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்பதற்கு அவர்களிடம் விதி இல்லை. விதி எழுதும்வரை காத்திருக்கச் சொன்னார்கள்.

லைல் காலாற இறங்கினார். தெரு ஓரம் நெடுக இடுப்பளவு பனி. ஒரே ஒரு இடத்தில் மட்டும், ஒரு கார் நிற்கிற அகலத்துக்கு, யாரோ சுத்தமாக வாரித் தள்ளியிருந்தார்கள். அதன் நட்ட நடுவில் ஒரு சமையலறை நாற்காலி. உட்காரும் பலகை மஞ்சள், ஒரு காலில் ஒட்டு நாடா. லைலுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மேடு ஏறி வருகிறவர்கள் களைத்துப்போவார்கள் என்று பனியையும் வாரி நாற்காலியும் போட்டு வைத்திருக்கிறார்களே, இவர்கள் எப்பேர்ப்பட்ட மனிதர்களாக இருக்க வேண்டும் என்று நினைத்தார். சாய்ந்து உட்கார்ந்தார்.

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பிறகு ஒரு கதவு. பிறகு தெருவில் உள்ள எல்லாக் கதவுகளும்.

"யோவ், எந்திரி." பைஜாமாவுக்கு மேலே கறுப்பும் மஞ்சளுமாய்ப் ஊர்ப் பந்தாட்டக் குழுவின் கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு ஒரு பெரிய உருவம் படியிறங்கி வந்தது. ஸ்டூஷ் என்று பெயர், பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர்.

லைல் எழுந்தார். "ரொம்ப நன்றிங்க. கால் நல்லா ஆறிப்போச்சு."

"நன்றியா? யாருய்யா நீ? நாற்காலி எதுக்குப் போட்டிருக்குன்னு தெரியாதா?"

"களைச்சு வர்றவங்க உக்காரத்தானே? எங்க ஊர்ல இவ்வளவு தாராளம் கெடையாதுங்க."

எதிர்வீட்டு ஜன்னலில் முழங்கை ஊன்றி நின்ற டோலோரஸ் என்ற அம்மாள்தான் முதலில் சிரித்தாள். "கேட்டியா ஸ்டூஷ், உனக்கு தாராளமாம். உன் பொண்டாட்டி கேக்காமப் போய்ச் சேந்துட்டாளே."

"நீ சும்மா இரு, டோலோரஸ். இந்தா பாருய்யா, முதுகொடியப் பனிய வாரிப் போட்டவன் நான். வாரினவன் நாற்காலி போட்டா அந்த எடம் அவன் காருக்கு, காரு ரிப்பேருக்குப் போயிருந்தாலும். மேயரே வந்தாலும் தொட மாட்டான். நீ பாட்டுக்கு பார்க்குல உக்கார்ற மாதிரி உக்காந்திருக்க."

"அது ஒண்ணும் உன் நாற்காலி இல்ல," என்றாள் டோலோரஸ். "என் சமையக்கட்டுலேந்து தூக்கிட்டுப் போனது."

"நீதான குடுத்த?"

"உக்காரக் குடுத்தேன். தெருவுல போடவா குடுத்தேன்? முட்டி ஆபரேசன் ஆனவ நான், நின்னுக்கிட்டு உருளைக்கிழங்கு உரிக்கறேன்."

மூன்றாம் வீட்டிலிருந்து சாந்தெல் என்ற நர்ஸ், இரவு வேலை முடிந்து தூங்க வந்தவள், போர்வையோடு வெளியே வந்தாள். "ரெண்டு பேரும் வாய மூடுங்க. அந்த ஆளு உதட்டப் பாரு, நீலமாயிடுச்சு. ஏன்ணே, குல்லா இல்லாமயா பிட்ஸ்பர்க்குக்கு வருவாங்க? யாரு பெத்த புள்ளையோ."

யார் பெற்ற பிள்ளை என்பதையும் விசாரித்தார்கள். திட்டுக்கு இடையிடையே எந்த ஊர், என்ன வேலை, மனைவி எங்கே, ஏன் கூட வரவில்லை, மீன் சாப்பிடுவாளா என்றெல்லாம் கேள்விகள் வந்தன. லைல் பதில் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு பதிலுக்கும் தனியாக ஒரு திட்டு கிடைத்தது. ஸ்டூஷ் தன் குல்லாவைக் கழற்றி அவர் தலையில் வைத்து அழுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். நாலு பேர் மண்வெட்டியோடு வந்து, ஓட்டத் தெரியாதவளுக்கு வேன் எதற்கு என்று கிரெட்செனையும் ஒரு பாட்டம் திட்டியபடி வேனை வெளியே தள்ளினார்கள். அவள் வேன் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எல்லாவற்றையும் பதிந்துகொண்டாள்.

"பக்கத்து வீடு காலியாத்தான் கெடக்கு, கண்ணு," என்றாள் டோலோரஸ். "செவுத்துல ஓதம். வீட்டுக்காரன் இல்லைம்பான், நம்பாத. வெள்ளிக்கிழமை சர்ச்சு நிலவறைல மீனும் பியரோகிக் கொழுக்கட்டையும் போடுவோம், வந்துடு. குல்லாவ அப்பக் குடுத்தாப் போதும்."

அன்று சாயங்காலம் லைல் லோர்னாவிடம் தொலைபேசியில் சொன்னார். "ஒரு நாற்காலில உக்காந்துட்டேன். தெருவே திரண்டு வந்து திட்டிச்சு."

"யாரு யாரு?"

"ஸ்டூஷுன்னு ஒருத்தர், பஸ் ஓட்டினவர், சம்சாரம் தவறிட்டாங்க. டோலோரஸுன்னு ஒரு அம்மா, முட்டி ஆபரேசன். சாந்தெல்னு ஒரு நர்ஸ், பகல்ல தூக்கம் வராது அவளுக்கு."

மறுமுனையில் லோர்னா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது.

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"திட்டும்போதே சொன்னாங்க."

"எந்த முட்டி?" என்றாள் லோர்னா. "இடதா, வலதா? லைல், அந்த வீட்ட விட்டுடாத. நீ விட்டா நான் யூமா."

மறுநாள், அந்தத் தெருவிலேயே குடியிருக்கிறேன் என்று லைல் எழுதிக் கொடுத்ததும், மன்றம் கூடியது. கிரெட்சென் அறிக்கை வாசித்தாள். வசிப்பவர்கள் முன்னறிவிப்பின்றிப் பேசினர். அனுமதியின்றிச் சிரித்தனர். விண்ணப்பதாரரின் தலையில் ஒரு குல்லா வைக்கப்பட்டது. உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டாக்டர் பிரிக்ஸ் எழுந்தார். "மிஸ்டர் ஹாஸ்கெட், எங்க சாதனையே குவெயில் க்ரெஸ்ட்தான். அங்க குடியேறின எங்க ஊழியர்கள் கிட்டேருந்து இதுவரைக்கும் ஒரு புகார் வரல. ஏன் வரல? ஒருத்தர் மேல புகார் சொல்லணும்னா அவர் யாருன்னு தெரிஞ்சிருக்கணும். அந்த ஆபத்த நாங்க வேரோட எடுத்துட்டோம். போன வருஷம் அங்க ஒரு வீட்டுல தீப்பிடிச்சது. பக்கத்து வீட்டுக்காரங்க யாரும் தலையிடல. அவ்வளவு கண்ணியம். நீங்க சொல்ற தெருவ மன்றம் ஏத்துக்க முடியாது. சாயங்காலத்துக்குள்ள வேற எதையும் தேர்ந்தெடுக்கலன்னா, உங்களோட சுதந்திரமான தேர்வா குவெயில் க்ரெஸ்ட்ட நாங்களே பதிவு பண்ணிடுவோம்."

விமானத்தில் யூமாவுக்குப் போகிற லோர்னாவின் முதுகு கண்ணில் தெரிந்தது. ஆனாலும் வால்வுக்காரரின் வாய்க்கு ஒரே மாதிரிதான் கேட்கத் தெரியும்.

"ஏன் சார்? அது கெட்ட தெருவா?"

சபையில் பேனா விழுந்த சத்தம் கேட்டது.

"நாங்க அப்படிச் சொல்லல," என்றார் டாக்டர் பிரிக்ஸ் அவசரமாக.

"அப்ப நல்ல தெருவா?"

"அப்படியும் சொல்லல."

"குவெயில் க்ரெஸ்ட் நல்லதா?"

"தயவுசெஞ்சு அந்த வார்த்தைய உபயோகிக்காதீங்க. ஏற்கெனவே ஒரு சேவல் கேஸ் இருக்கு."

"சரி சார். ரெண்டும் நல்லதில்ல, ரெண்டும் கெட்டதில்ல. அப்ப எத வெச்சு அதை எடுத்துக்கங்கறீங்க, இதை வேணாங்கறீங்க? காரணம்னு ஒண்ணு எழுதணும்ல?"

காரணம் எழுத வேண்டும் என்பது உண்மைதான், அது விதியிலேயே இருந்தது. விதியை எழுதியவரும் டாக்டர் பிரிக்ஸ்தான். வழக்கறிஞர்களை வரவழைத்தார்கள். 'சத்தமான தெரு' என்று எழுதலாமா என்றார் ஒருவர். சத்தம் கெட்டது என்று ஆகிவிடும் என்றார் இன்னொருவர். 'மனிதர்கள் மிகுந்த பகுதி' என்றால் மனிதர்கள்மேல் அவதூறு. 'வேறுபட்டது' என்றால் ஒப்பீடு. சாப்பாட்டு வேளை வந்தது, உண்ணத்தக்க ரொட்டிகள் வந்தன, போயின. கிரெட்சென் ஒரு கட்டத்தில், "அங்க வேனத் தள்ளி விட்டாங்க," என்றாள். அது தகவலா கருத்தா என்று கேட்டதற்கு அவள் முன்மயிர் லேசாக மேலே போயிற்று. அதையும் விசாரணைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

அலுவலகம் மூடுகிற நேரத்தில் டாக்டர் பிரிக்ஸ் தீர்ப்பை வாசித்தார். "மேற்படித் தெருவை மறுப்பதற்கு மன்றத்திடம் வார்த்தை எதுவும் இல்லாத காரணத்தால், அது வருத்தமின்றியும் மகிழ்ச்சியின்றியும் அனுமதிக்கப்படுகிறது."

வழக்கம்போல் கை தட்டினார்கள். மணிக்கட்டிலிருந்து.

லோர்னா மார்ச் கடைசியில் வந்து சேர்ந்தாள். அதற்குள் பனி முழுக்க உருகிவிட்டிருந்தது. தெருவில் ஒரு நாற்காலியும் இல்லை. சாமான் வண்டி வந்தது, இறக்கியது, போனது. ஒரு கதவும் திறக்கவில்லை. புதிதாக வந்தவர்கள் முதலில் மூட்டை பிரிக்கட்டும், தொந்தரவு செய்யக் கூடாது என்று தெருவே கூடிப் பேசி, சாந்தெல் தலைமையில் தீர்மானம் போட்டிருந்தது லைலுக்கும் லோர்னாவுக்கும் தெரியாது.

பெட்டிகளுக்கு நடுவே லோர்னா ஜன்னலோரமாக வெகுநேரம் நின்றாள். அவள் முகத்தை லைல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சத்தியமாப் பேசுவாங்க லோர்னா. அன்னிக்கு நீ பாத்திருக்கணும்."

"அன்னிக்குப் பனி இருந்துச்சு," என்றாள் அவள். "அந்த ஸ்டூஷு காரை எங்க நிப்பாட்டுவாரு?"

"இப்ப எங்கயோ போயிருக்காரு. அதோ, அந்தக் காலியா இருக்கற எடம்."

லோர்னா ஒரு பெட்டியைக் கிழித்து, தன் சமையலறை நாற்காலி ஒன்றை வெளியே இழுத்தாள். லைலுக்குப் பகீரென்றது. "லோர்னா, பனியே இல்ல. பனி வாராம நாற்காலி போடறது இந்த ஊர்ல... அது கொலைக்குத்தம் மாதிரி."

"தெரியும். நீதான சொன்ன?"

காய்ந்து வெளுத்துக் கிடந்த தெருவில், ஸ்டூஷின் இடத்தின் நட்டநடுவில், அவள் நாற்காலியைப் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள். மேட்டின் மேல் ஒரு கார் திரும்பியது. அங்கிருந்தே அதன் ஹாரன் அலறியது. டோலோரஸின் ஜன்னல் படாரென்று திறந்தது. சாந்தெலின் கதவு திறந்தது. தீர்மானத்தை யாரும் மதிக்கவில்லை.

"யாரும்மா அது," ஸ்டூஷ் காரிலிருந்து பாதி இறங்கியபோதே ஆரம்பித்துவிட்டார். "ஒரு துளி பனியில்ல, ஒரு மண்வெட்டி புடிக்கல, நாற்காலி போட்டுக்கிட்டு மகாராணி மாதிரி—"

"நான்தான். பேரு லோர்னா," என்றாள் அவள். "எவ்வளவு நேரம் திட்டறதா உத்தேசம்? காபி போட்டு எடுத்துட்டு வந்துடறேன்."

"நீ உக்காருடி கண்ணு," என்று ஜன்னலிலிருந்து குரல் கொடுத்தாள் டோலோரஸ். "காபி நான் கொண்டாறேன். அவன் முழுசாத் திட்டி முடிக்க ராத்திரி ஆயிடும்."